ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்புகிறவர்

“போன வாரம் வெட்டினதே இன்னும் வளரலையே சார்” என்கிறார் முடி திருத்துபவர், கத்தரியை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

“வளரப் போறதை வெட்டுப்பா” என்கிறார் நாற்காலியில் இருப்பவர். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியாகிவிட்டது. இனி அவரை எழுப்ப முடியாது.

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. தலையில் இருப்பதே காதோரம் இரண்டு வரிசை, பின்னால் ஓர் அரைவட்டம். அதற்கு மூன்று வெட்டு அதிகம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் காலையில் கைப்பேசியில் ‘முடி வெட்ட’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெட்டாமல் வீடு திரும்பினால் எழுதியது பொய்யாகிவிடும். அறுபத்தாறு வயதில் முடிக்காகப் பொய் சொல்ல அவர் தயாராக இல்லை.

முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். சோதனை எடைக்கற்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது வேலை. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் மளிகைக் கடைக்காரர் இவர் தலை தெரிந்ததும் தட்டைத் துடைப்பதை விடவில்லை. வெளியூரில் எங்காவது எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினால் தன் எடையைப் பார்க்க மாட்டார், இயந்திரத்தைப் பார்ப்பார். “முந்நூறு கிராம் கூடக் காட்டுது” என்று வரிசையில் அடுத்து நிற்பவரிடம் ரகசியமாகச் சொல்லி அவர் மனதைத் தேற்றிவிட்டுத்தான் இறங்குவார்.

வண்டி பதினேழு வருடப் பழசு. சாம்பல் நிறம். அதில் தினமும் காலையில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறார். ஒரு நர்ஸ், ஒரு வெல்டர், ஏறிய மறு நிமிடம் தூங்கிவிடுகிற கல்லூரி மாணவி. பெல்ட் மாட்டும் சத்தம் நான்கு கேட்டால்தான் வண்டி நகரும். மூன்று கேட்டால் திரும்பிப் பார்ப்பார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பார்வைக்கே வெல்டர் ஒருமுறை ஏற்கெனவே மாட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

அவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஏழு இருபத்தஞ்சு’.

“எங்க வார்டுல மாத்திரை குடுக்கற நேரம்கூட இவ்வளவு கரெக்ட்டா இருக்காது” என்பாள் நர்ஸ். வெல்டருக்கு மனக்குறை உண்டு. “ஒரு நாள் ஷூ லேஸ் கட்டிட்டிருந்தேன். குனிஞ்சவன் நிமிர்றதுக்குள்ள போயிட்டாரு. கண்ணாடி வழியா என்னைப் பார்த்துத் தலையாட்டிட்டே போறாரு மனுஷன்!”

வழியெல்லாம் அவருக்குக் கதை. இந்த முனைக் கடையில் தட்டுக்கு அடியில் காந்தம் இருந்தது. அந்த மரக்கடையில் அளவுகோலே ஒரு விரற்கடை குட்டை. கோழிக்கடைக்காரர் தராசின் மேல் ஃபேன் வைத்திருந்தார், காற்றுக்கு என்று. “காத்தையும் சேர்த்து வித்தான்” என்பார். அந்தக் கடைகள் பாதி இப்போது இல்லை. இருக்கிற பாதியில் இவர் பயணிகள் யாரும் எதையும் நிறுத்து வாங்குவதில்லை.

இந்தப் பயணப் பகிர்வுச் சேவையை வடிவமைத்த நான்கு பேரில் ஒருத்தி அவருடைய மகள். முப்பத்து மூன்று வயது. வீட்டில் இன்னும் பாப்பா.

சேவையின் கணக்கு எளிமையானது. எப்படியும் போகப்போகிற வண்டி. அதில் காலியாக இருக்கும் இடம். அதே பக்கம் போக வேண்டிய ஆள். மூன்றையும் சேர்த்துவைப்பது. பெட்ரோலைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் வண்டிக்காரருக்குச் சொந்தமாக ஒரு பயணம் இருக்க வேண்டும். பிறருக்காக மட்டும் ஓட்டினால் அது டாக்ஸி. அதற்கு வேறு சட்டம், வேறு உரிமம். அதனால் படிவத்தின் முதல் கேள்வி: நீங்கள் எங்கே, எதற்காகப் போகிறீர்கள்? காலியாக விட முடியாது.

கேள்வியை எழுதியவள் மகள்தான். எழுதுவதற்கு முன் மூன்று வாரம், இருபத்திரண்டு வண்டிக்காரர்களிடம் பேசினாள். பயனர் தேவை என்ன என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். போக வேண்டிய இடமே இல்லாமல் தினமும் வண்டியைக் கிளப்புகிற ஒருவரை அவள் சந்திக்கவில்லை. அவர் அடுத்த அறையில் இருந்தார்.

அம்மா தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். நகரத்தின் கிழக்கு ஓரம், தொழிற்பேட்டைச் சாலை. காலை ஏழு இருபத்தைந்துக்கு அப்பாவுடன் கிளம்பி ஏழு ஐம்பத்தைந்துக்கு வாசலில் இறங்குவார். இருபத்தாறு வருடம். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரம் மாறவில்லை. பத்து மாதம் முன்பு அம்மா இறந்தார். கணையம். கண்டுபிடித்ததற்கும் முடிந்ததற்கும் நடுவே ஐம்பத்தொரு நாள்.

இரண்டு மாதம் அப்பா வீட்டில் இருந்தார். பிறகு ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“எங்கப்பா?”

“வேலை இருக்கு.”

“என்ன வேலை?”

“கண்ணு டெஸ்ட் பண்ணணும்.”

நல்லது என்று நினைத்தாள். துக்கத்தில் இருப்பவர்கள் வெளியே போய்வர வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். மறுநாள் வீட்டுக்கு மாற்றுச் சாவி போடப் போனார். அதற்கு மறுநாள் நூலகம். பிறகு கத்தரிக்கோல் தீட்ட. இப்படியே மாதங்கள். வீட்டில் பல்புகள் சேர்ந்தன. அளவு நாடாக்கள் சேர்ந்தன. பிரித்துப் பார்க்காத ஒரு குடை வந்தது. அப்பா இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறாரே என்று அவளுக்குச் சற்றுப் பொறாமைகூட. அவளால் அலமாரியில் அம்மாவின் மூக்குக் கண்ணாடியை இடம் மாற்றி வைக்க முடியவில்லை. அவர் மூன்றாவது நூலகத்தில் உறுப்பினராகிவிட்டார்.

வண்டியில் ஆள் ஏற்றுகிறாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை குழுத் தலைவர் ஒரு பட்டியலோடு வந்தார். சந்தேகத்துக்குரிய வண்டிகளை மென்பொருள் தானே குறித்துக் கொடுக்கும். அதில் முதலில் இருந்தது ஓட்டுநர் எண் 318.

“இதைப் பாருங்க. ஒரே நேரம், ஒரே ரோடு, ஒரே மூணு பயணிகள். ஆனா தினமும் வேற வேற காரணம். யாருக்குங்க மாசத்துல மூணு தடவை முடி வெட்டணும்? இந்த ஆளு டாக்ஸிதான் ஓட்டறான். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை சாவி போடறான். திருடனாகூட இருப்பான்.”

மகள் வண்டி எண்ணைப் பார்த்தாள். பள்ளி வாசலில் ஆயிரம் முறை தேடிய எண்.

“திருடன் இல்ல. எங்க அப்பா.”

குழுத் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. “அப்ப நீங்களே பேசுங்க. நானும் கூட இருக்கேன்” என்றார். “ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். இல்லன்னா அவர் கணக்கை நிறுத்த வேண்டியதுதான். உரிமம் குடுத்தவங்க நம்மளைக் கேப்பாங்க.”

விசாரணைக்கு அழைத்ததில் அப்பாவுக்கு வருத்தமில்லை. மறுநாள் பயணிகளை இறக்கிவிட்டு நேரே மகளின் அலுவலகத்துக்கு வந்தார். கீழே வருகைப் பதிவேட்டில் ‘வந்த நோக்கம்’ என்ற இடத்தில் ‘விசாரணை’ என்று எழுதினார். காவலாளி இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து நின்றாராம்.

“உட்காரலாமா மேடம்?”

“அப்பா.”

“ஆபீஸ் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல பாப்பா.”

மகள் கேள்வித்தாளைப் பார்த்தே கேட்டாள். நிமிரவில்லை. “இந்தச் சேவையை எதுக்காகப் பயன்படுத்தறீங்க?”

“காரணத்தைத் தினமும் எழுதித்தானே குடுக்கறேன். யாரும் படிக்கறதில்லையா?”

“அந்தக் காரணமெல்லாம் உண்மைதானா சார்?” இது குழுத் தலைவர்.

அவர் இதற்காகவே காத்திருந்தவர் போலத் துணிப்பையை மேசையில் கவிழ்த்தார். பதினோரு சாவி, எல்லாம் ஒரே வாசல் கதவுக்கு. தீட்டிய கத்தரிக்கோல் நான்கு. நூலக அட்டை மூன்று. கண் பரிசோதனைச் சீட்டு இரண்டு; இரண்டாவதில் மருத்துவர், ‘மாற்றமில்லை. அடுத்த வருடம் வந்தால் போதும்’ என்று அடிக்கோடிட்டிருந்தார். பல் மருத்துவர் சீட்டு ஒன்று: குறையேதும் இல்லை.

“வீட்ல எத்தனை பேர் சார்?” என்று குழுத் தலைவர் சாவிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ரெண்டு பேர்.”

“முடி?”

அவர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து பின்னந்தலையைக் காட்டினார். குழுத் தலைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ குறிப்பெடுத்தார்.

“ஏன்ப்பா, காரணப் பட்டியல்ல கடைசியா ‘மற்றவை’ன்னு ஒண்ணு இருக்கே. அதை அழுத்தியிருக்கலாமே?”

“மற்றவைன்னா எந்தத் தெரு?”

அதற்கு மேல் தாளில் கேள்வி இல்லை. மகள் தாளைத் திருப்பி வைத்தாள். “இந்த வேலையெல்லாம் பதினோரு மணிக்குப் போனா ஆகாதாப்பா?”

அவர் சாவிகளை வரிசையாக அடுக்கினார். எல்லாம் ஒரே உயரம். ஆனாலும் ஒன்றை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

“ரெண்டு மாசம் உக்காந்து பாத்தேன் பாப்பா. ஏழு இருபத்தஞ்சு வருது. ஏழு இருபத்தாறு வரமாட்டேங்குது.”

குழுத் தலைவர் தண்ணீர் எடுக்கப் போனார். தண்ணீர் மேசையிலேயே இருந்தது.

மகளின் படிவத்தில் ‘பயனரின் தேவை’ என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக நான்கு வரி எழுதுவாள். அன்று ‘7.25’ என்று மட்டும் எழுதினாள்.

குழுத் தலைவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். “சார், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா…”

“ஆனா விதி. நீங்க இழுக்க வேண்டாம் தம்பி.” அவர் பொருள்களைப் பையில் போட ஆரம்பித்தார். “சொந்தப் பயணம் இருந்தா இடம் குடுக்கலாம். நான் இடம் குடுக்கறதுக்காகப் பயணம் தேடியிருக்கேன். தராசு சரியாத்தான் நிக்குது. கல்லை நானில்ல செதுக்கியிருக்கேன்? ரெண்டு கிராமுக்குக் கடையையே பூட்டி சீல் வெச்சவன். எனக்கு ஒரு நியாயம், கோழிக்கடைக்காரனுக்கு ஒரு நியாயமா?”

“அப்பா, வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு…”

“தப்புன்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு வெள்ளிக்கிழமை?”

கைப்பேசியை எடுத்தார். சேவையிலிருந்து விலகும் பொத்தானைத் தேடினார். இரண்டு நிமிடம் தேடினார். மகள் எழுந்து வந்து காட்ட வேண்டியிருந்தது.

“வர்றதுக்கு இம்மாம் பெரிய பொத்தான். போறதுக்கு எறும்பு சைஸ்ல ஒண்ணு” என்றார் குழுத் தலைவரிடம். “இதை எங்க டிபார்ட்மென்ட்ல செஞ்சிருந்தா உங்களுக்கு சீல்தான்.” பிறகு அழுத்தினார்.

மறுநாள் காலை ஏழு இருபத்தைந்துக்கு அவர் சமையலறையில் உப்புப் பொட்டலத்தை நிறுத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கைப்பேசி அடித்தது. நர்ஸ்.

“அங்கிள், உடம்பு சரியில்லையா? பேர் வரலையே.”

“உடம்பு நல்லாத்தாம்மா இருக்கு. காரணம்தான் இல்ல.”

நர்ஸுக்கு அது புரிந்திருக்காது. அவளுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், ஆறரைக்கே கிளம்ப வேண்டும், இதுதான் புரியும். வெல்டர் முதல் நாளே தாமதம். மாணவி நின்றுகொண்டே தூங்கப் பழகிவருவதாகத் தகவல். இவையெல்லாம் அப்பாவுக்கும் தெரியும். நிறுத்த வேறு பொட்டலம் இல்லாததால் உப்பையே இரண்டாம் முறை நிறுத்தார். “ஆறு கிராம் கம்மி” என்றார், யாருக்கென்று இல்லாமல். யாரையும் கூப்பிட்டுப் புகார் சொல்லவில்லை. அதுதான் மகளுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் அலுவலகத்தில் படிவத்தைத் திறந்தாள். பயணக் காரணங்களின் பட்டியல் அவள் தயாரித்ததுதான். வேலை. படிப்பு. மருத்துவம். கடை. குடும்பத்தினரை இறக்கிவிட. மற்றவை.

ஐந்தாவது, பள்ளிக்குப் பிள்ளைகளை விடப்போகும் பெற்றோருக்காக வைத்தது. உள்ளே போய் நிரலைப் பார்த்தாள். பிள்ளைக்கு வயது வரம்பு எதுவும் இல்லை. வைக்க மறந்திருந்தாள்.

அவளுடைய அலுவலகம் தொழிற்பேட்டைச் சாலையிலேயே, பரிசோதனைக் கூடத்தைத் தாண்டி இன்னும் உள்ளே. “அந்தப் பக்கந்தானே, விடட்டுமா?” என்று அப்பா ஒருமுறை கேட்டிருக்கிறார். “ரயில்ல போனா படிக்கலாம்பா” என்றாள். ரயிலில் அவள் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அந்த வண்டியில் கடைசியாக ஏறியது மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது. மடியில் அம்மாவின் பை இருந்தது. பையில் அம்மாவின் செருப்பு இருந்தது.

மாலையில் அப்பா மின்விசிறியின் திருகுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். ஏணிக்குக் கீழே நின்று கேட்டாள்.

“நாளையிலிருந்து என்னை ஆபீஸ்ல விடறீங்களாப்பா?”

“உனக்குப் பத்து மணிக்குத்தானே ஆபீஸ்?”

“எட்டரைக்கு மீட்டிங்.”

திருகு நின்றது. மேலிருந்து அந்தப் பார்வை வந்தது. “எனக்காகப் பொய் சொல்றியா?”

“பொய் இல்ல. தினமும் எட்டரைக்கு மீட்டிங் வெச்சாச்சு. காலண்டர்ல இருக்கு, பாருங்க.”

ஏணியிலிருந்து இறங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். திங்கள் முதல் வெள்ளி வரை எட்டரைக்கு ஒரு நீலக் கட்டம் இருந்தது.

“எத்தனை பேர் மீட்டிங்?”

“ஒருத்தர்.”

“ஒருத்தர் மீட்டிங்கா?”

“கூட்டம் கூடினா வேலை நடக்காதுப்பா.”

முப்பத்து நான்கு வருட ஆய்வாளர் அந்தக் கட்டத்தைத் தூக்கிப் பிடித்தும் தாழ்த்திப் பிடித்தும் பார்த்தார். அடியில் காந்தம் இருக்கிறதா என்று தேடினார். “ஒரு நாள் நீ எட்டரைக்கு உள்ள போகலைன்னாலும் நான் நிறுத்திடுவேன்” என்றார். “போவேன்” என்றாள். குழுத் தலைவரிடம் முன்பே பேசிவிட்டிருந்தாள். “விதிப்படி சரிதான்” என்றார் அவர். “ஆனா எட்டரைக்கு என்னைக் கூப்பிடாதீங்க, புண்ணியமாப் போகும்.”

வெள்ளிக்கிழமை. முன்தினம் இரவே அவர் அந்தப் பெரிய பொத்தானை அழுத்திச் சேவையில் மறுபடி சேர்ந்திருந்தார்; காரணம், பட்டியலில் ஐந்தாவது. வண்டி கிளம்பியபோது ஏழு இருபத்தைந்து. மகள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த முனைகளில் மூவரும் ஏறிப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

“இவங்க யாரு அங்கிள்?” என்றாள் நர்ஸ்.

“இவங்கதான் காரணம்.”

“காரணம் வந்ததுல எங்களுக்கு இடம் போச்சே அண்ணே” என்றார் வெல்டர், முழங்காலை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டே. மகள் சிரித்துவிட்டாள். அந்த வண்டியில் சிரிக்க முடியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அப்பா காந்தக் கடையைக் காட்டினார். கோழிக்கடை வந்தது. நர்ஸும் வெல்டரும் அவரோடு சேர்ந்து ஒரே குரலில், “காத்தையும் சேர்த்து வித்தான்” என்றார்கள்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் வாசல் வந்தபோது வண்டி வேகம் குறைந்தது. நிற்கவில்லை. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி அப்படியே ஊர்ந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு இது பழக்கம் போலிருந்தது. மாணவி மட்டும் கண் விழித்தாள்.

“வந்துருச்சா அங்கிள்?”

“இல்லம்மா. தூங்கு.”

அவள் தூங்கினாள். வண்டி வேகமெடுத்தது. மகள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

அலுவலக வாசலில் மணி எட்டு இருபது. இறங்கியவள் ஏதோ சொல்லத் திரும்பினாள். “நின்னு பேச நேரமில்ல, உனக்கு மீட்டிங்” என்று விரட்டினார். மூன்று மாடி ஏறினாள். மீட்டிங் அறையில் யாரும் இல்லை. விளக்கைப் போட்டு, ஜன்னல் திரையை ஏற்றினாள். கீழே சாம்பல் நிற வண்டி அப்படியே நின்றிருந்தது. கையை உயர்த்தினாள்.

அந்தத் தெருவில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று பலகை உண்டு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் வண்டி திரும்பப் போகிறது என்று பின்னால் வருகிறவர் நினைப்பார். முன்விளக்கை மின்னவைத்தால் எதிரே வருகிறவருக்கு வழி விடுவதாக ஆகிவிடும். தவறாக எதையும் சொல்லிவிடாத ஒரு பதிலை அவர் யோசித்து எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மழை இல்லாத, தூசியும் இல்லாத கண்ணாடியின் மேல் வைப்பர் ஒருமுறை எழுந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து, படுத்தது.